மறுபடியும் முதலாம் ஆண்டு

குழந்தைகள் வார்டில் நான் சேர்ந்த முதல் நாள், காலை ரவுண்ட்ஸுக்கு வந்த உதவிப் பேராசிரியர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "குட் மார்னிங் மேடம்" என்றார். நானும் அதே நேரத்தில் "குட் மார்னிங் மேடம்" என்றேன். பக்கத்தில் நின்ற மற்ற முதலாமாண்டு டாக்டர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இதில் யார் மேடம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும்தான்.

அவர் என் பழைய மாணவி. நோயியலில் எம்.டி. முடித்த கையோடு நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சில வருஷம் பாடம் எடுத்தேன். அப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, நான் போர்டில் வரைந்த செல்களை என்னைவிட அழகாக வரைந்துகொண்டிருந்த பெண். இப்போது விழுப்புரத்து மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவர். நாற்பதைத் தாண்டிய நான் அவருக்குக் கீழே படிக்க வந்திருக்கிறேன். மனசுக்குள் அவரை நினைக்கும்போது 'அவள்' என்றுதான் வரும். வாயைத் திறந்தால் 'நீங்க' என்று வந்துவிடும்.

அன்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். வார்டுக்குள்ள நான் உங்க மேடம். வார்டு கதவ தாண்டிட்டா நீங்க என் மேடம். இல்லன்னா ரெண்டு பேருக்கும் பேஜாரு."

சரி என்றேன். மூன்று வருஷமும் அந்த ஏற்பாடு அநேகமாக நன்றாகவே நடந்தது.

நான் எதற்காகத் திரும்பப் படிக்கப் போனேன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முதலிலிருந்தே குழந்தை மருத்துவம்தான் ஆசை. அப்போது வந்த ரேங்க்குக்கு நோயியல்தான் கிடைத்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டேன். அது நல்ல படிப்பு. அந்த வருஷங்களிலேயே கல்யாணமும் ஆகி மகளும் பிறந்தாள். பிறகு எங்கள் ஊரான திண்டிவனத்துக்கே வந்து ஒரு லேப்பில் சேர்ந்தேன். காலையில் போய் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் மாலையில் வீடு. ரத்தம், சளி, சதைத் துணுக்கு என்று எல்லாம் என் மேஜைக்கு வரும். அதைக் கொடுத்த ஆள் வரமாட்டார். ஊரில் பாதிப் பேரின் ரத்தத்தை நான் பார்த்திருப்பேன். கடைத்தெருவில் அவர்கள் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தாள். காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தது. கண் மேலே போய், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. குழந்தையை வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் வந்ததைத் துடைத்தேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வலிப்பும் நின்றது. அவர்களோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த குழந்தை டாக்டர் ஒரு கையால் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே தாயிடம் பேசினார். பேசப் பேச அந்தத் தாயின் தோள் கீழே இறங்கியதை நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, குழந்தை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப மொதல்லேர்ந்தா?"

"ஆமா."

"எழுதற பரீட்சை கூடவா?"

"அதுவும்தான்."

கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தார். "பாப்பா டென்த்து படிக்கிறா. நீயும் படிச்சா ஊட்ல ரெண்டு பேரு படிக்கிறவங்க. டிவி கனெக்சன எடுத்துடலாம்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

நுழைவுப் பரீட்சை எழுதினேன். முதல் தடவை சரியாக வரவில்லை. அடுத்த தடவை விழுப்புரத்தில் இடம் கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து தினமும் போய் வரலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். டூட்டி தொடங்கியதும் அந்தக் கணக்கு பொய்யானது. ஹாஸ்டலில் அறை எடுத்தேன். என்னோடு தங்கியது மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண். அவளும் குழந்தை மருத்துவம்தான். என் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியவள். முதல் வாரம் 'ஆன்ட்டி' என்றாள். அதற்கடுத்த வாரம் தானாகவே 'அக்கா'வுக்கு இறங்கினாள். விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணையிலிருக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டில் மல்லாட்டை பிடுங்கினால் எனக்கு ஒரு பை வந்துவிடும். அந்தக் கடலையை வேகவைத்து நடுவில் கொட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் படிப்போம். பிறகு பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து தோலைப் பொறுக்கி எடுப்போம்.

வார்டு வேலை எனக்குச் சுலபமாக வரவில்லை. படித்தது நினைவில் நின்றது. கைதான் பின்தங்கியது. பச்சைக் குழந்தையின் கையில் ஊசி ஏற்றுவது என்பது தலைமுடி போன்ற ரத்தக்குழாயைத் தேடுவது. என்னோடு படித்த சின்னப் பிள்ளைகள் பார்த்ததும் ஏற்றிவிடுவார்கள். நான் தேடிக்கொண்டே இருப்பேன். குழந்தை அழும். குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நர்ஸ் பொறுமையாக என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். எனக்குப் புறங்கழுத்தில் வியர்த்துவிடும். இரண்டு முறை முயன்று வரவில்லையென்றால் ஊசியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும்போது, லேப்பில் இருந்த என் நாற்காலி ஞாபகத்துக்கு வரும்.

ஒரு நாள் என் பழைய மாணவி இதைத் தூர நின்று கவனித்திருக்கிறார். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தலைய ஏன் பின்னால இழுக்கறீங்க?"

"இழுக்கறேனா?"

"ஊசிய கிட்ட கொண்டு போவும்போது தல பின்னால போவுது. எங்கம்மா பேப்பர் படிக்கிற மாதிரியே. வெள்ளெழுத்து வந்துடுச்சு மேடம் உங்களுக்கு."

மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு வெள்ளெழுத்து வந்தாலும் தெரியாது. குமிழைத் திருகினால் அது சரியாகிவிடும். இது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மதியம் டூட்டி முடிந்ததும் அவரே என்னைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார். கதவு தாண்டிவிட்டதால் நான்தான் மேடம். ஆனாலும் எந்த ஃப்ரேம் எனக்கு நன்றாக இருக்கிறது என்பதை அவரே முடிவு செய்தார். கறுப்பு வேண்டாம், வயசு காட்டுது என்றார். கடைக்காரர் "உங்க பொண்ணு சரியாத்தான் சொல்றாங்க" என்றார். இருவரும் திருத்தவில்லை.

கண்ணாடி வந்த வாரமே ஒரு குழந்தைக்கு முதல் முயற்சியில் ஊசி ஏறியது. நர்ஸ் ஜன்னலிலிருந்து திரும்பி, பிளாஸ்திரியை நீட்டினார்.

என் பழைய மாணவி என்னைக் கண்டித்ததும் உண்டு. ஒரு காலை ரவுண்ட்ஸில், ஒரு குழந்தைக்கு ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் அளவை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். ஏற்றுவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் முன்னால், "இது யார் போட்டது?" என்றார். நான் என்றேன். "குழந்தையோட எடைய இன்னிக்குப் பாத்தீங்களா, நேத்திக்கி உள்ளத வெச்சுப் போட்டீங்களா?" நேற்றைய எடை. "திரும்பப் போடுங்க. போட்டு எங்கிட்ட காட்டிட்டு ஏத்துங்க." குரல் உயரவில்லை. ஆனால் என் காது சூடாகிவிட்டது. திரும்பப் போட்டுக் காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கேன்டீனில் என் எதிரே டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"நேத்து ஊட்டுக்குப் போய் சாப்புடவே முடியல மேடம்."

"நீங்க சொல்லாம வுட்டிருந்தாதான் நான் சாப்ட்டிருக்க மாட்டேன்."

"எல்லாரு எதிர்லயும்..."

"எல்லாரு எதிர்லயும்தான் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு அவங்களும் அதே தப்ப பண்ணுவாங்க."

அவர் டீயைக் குடித்தார். எனக்கும் ஒரு வடை வாங்கிக் கொடுத்தார். நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் யாரையாவது பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

இரண்டாம் வருஷத்தில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தபோது மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, நாள் வருவதற்கு முன்பே அறுவை செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். தாய் தீவிர சிகிச்சையில் நினைவில்லாமல் இருந்தாள். குழந்தை என்னிடம் வந்தது. பெண். ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய எடை. செயற்கை மூச்சுக்கு வைத்த குழாயையெல்லாம் எடுத்து, கொஞ்சம் தேறியதும், இனி உடம்புச் சூட்டில் அணைத்து வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். கங்காரு மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்காருவது. வழக்கமாகத் தாய்தான் செய்வாள். இங்கே வெளியே நின்றுகொண்டிருந்தது தகப்பன் மட்டும்.

கடலுக்குப் போகிற ஆள். கதவை அடைக்கும் தோள். முன்கையில் பச்சை குத்தியிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனான்.

"நானா? என் கைய பாருங்க மேடம். கயிறு இழுத்து இழுத்து மரமா பூட்ச்சு. கொழந்தைய கீறிடும்."

"கையால புடிக்க வேணாம். நெஞ்சு மேல படுக்க வெச்சு நாங்களே துணி கட்டுவோம். நீங்க சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார்றதுதான் மேடம் எனக்கு வராது."

குளித்துவிட்டு வரச் சொன்னோம். சட்டையைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையை அவன் நெஞ்சில் தவளை போலக் கவிழ்த்து வைத்துக் கட்டினோம். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். மூச்சு விடலாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"தும்மல் வந்தா இன்னா பண்றது?"

"தும்முங்க."

"அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாது."

முதல் நாள் முழுவதும் மூக்கைக்கூடச் சொறியவில்லை. நெற்றியில் வழிந்த வியர்வையை நான்தான் துடைத்துவிட்டேன். பேசுங்கள், உங்கள் குரல் குழந்தைக்குப் பிடிக்கும் என்றேன். எதைப் பேசுவது என்று கேட்டான். எதையாவது என்றேன். தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். இன்றைக்கு என்ன காற்று, எந்தப் படகு கடலுக்குப் போயிருக்கும், வலையில் எங்கே கிழிசல், சங்கரா மீன் என்ன விலை போகிறது. நடுவில், "உங்கம்மா தூங்கிக்கினு கீறா. எழுந்தான்னா ஒன்னத்தான் மொதல்ல கேப்பா" என்பான். பக்கத்துக் கட்டிலில் குறிப்பெழுதிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு முற்பகல் மானிட்டர் கத்தியது. திரும்பிப் பார்த்தால் குழந்தை நீலமாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்ததும், அருகே போனதும் எனக்கு நினைவில்லை. என் விரல் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டித் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை அதன் தலையை நிமிர்த்தியிருந்தது. குழந்தை முகத்தைச் சுளித்து, ஒரு சின்ன முனகலோடு மூச்சை இழுத்தது. நிறம் திரும்பியது.

"இன்னா ஆச்சு?" என்றான் தகப்பன்.

"மூச்சு வுட மறந்துட்டா. இந்த மாதிரி சீக்கிரம் பொறந்த கொழந்தைங்க சிலது மறக்கும். ஞாபகப்படுத்தினா போதும். மருந்தும் குடுத்துக்கினுதான் இருக்கோம்."

"மூச்சு வுடவா மறப்பாங்க?"

"வளந்தா மறக்க மாட்டா."

அன்றிலிருந்து அவன் மானிட்டரை நம்பவில்லை. குழந்தை கொஞ்சம் அசங்காமல் இருந்தாலும் அந்த மரக்கையின் சுண்டுவிரல் நுனியால் அதன் பாதத்தைத் தொடுவான். "ஏய், மறந்துடாத" என்பான். எங்களோடு இருந்த இளம் டாக்டர்கள் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாப்பிடப் போகும்போது, ரத்தம் எடுக்கப் போகும்போது, ஏய் மறந்துடாத.

அவன் மனைவி கண் விழித்து, எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். அவள் குழந்தையை அதுவரை பார்க்கவில்லை. கையை நீட்டினாள். அவன் உடனே கொடுக்கவில்லை.

"இரு. கை கழுவினியா? தலைய இப்டி ஒரு பக்கமா திருப்பி வெக்கணும். துணி நெகிழக்கூடாது. காலு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவருதானா மேடம் இது?" என்றாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவன், "உங்க பேரு இன்னா மேடம்? பாப்பாவுக்கு வெக்கலாம்னு" என்றான். சொன்னேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நல்ல பேருதான்" என்றான் மரியாதையாக. "ஆனா இவ அம்மா ஊட்ல ஏற்கெனவே ஒரு பேரு பாத்து வெச்சிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பேர் எனக்கே பிடித்ததில்லை.

ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் வருவேன். நான் முதல் வருஷத்தில் இருந்தபோது மகள் பிளஸ் டூ. சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அவள் பாடமும் மறுமுனையில் என் பாடமும். அலுத்துப்போனால் ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். ஒரு நாள் என் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கொழந்தைக்குக் கழுத்து எப்ப நிக்கும்?"

"மூணு, நாலு மாசம்."

"தானா எப்ப உக்காரும்?"

சொன்னேன். நடப்பது, பேசுவது, படியேறுவது எல்லாம் சரியாகச் சொன்னேன்.

"சரி, நான் எப்ப நடந்தேன்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் குழந்தையாக இருந்தபோது நான் முதல் எம்.டி. படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.

"பதினோராம் மாசம். ரேஷன் கடை வாசல்ல. எங்கைய வுட்டுட்டு எதிர்ல நின்ன ஒரு நாய்க்கிட்ட போனா."

"பேசினது?"

"அதுக்கு முன்னாடியே பேசிட்டா. மொத வார்த்த 'தா'. உங்கம்மா ஃபோன் பண்ணப்ப ஃபோன புடுங்கறதுக்கு சொன்னது."

அவர் இன்னும் சொல்லிக்கொண்டே போனார். முதல் பல், முதல் காய்ச்சல், கேப்பைக் கூழைத் துப்பியது. கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, ஒரு பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பிள்ளை போலச் சொன்னார். மகள் வாயைப் பிளந்து கேட்டாள். நானும் கேட்டேன். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவருக்கு அதில் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தோசை தீய்ந்துவிட்டது என்று ஓடினார்.

இறுதிப் பரீட்சையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்களில் ஒருவர் என்னைவிட இளையவர். என் விவரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏற்கெனவே ஒரு எம்.டி. இருக்கே. இது எதுக்கு?"

தயார் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் மறந்துபோய்விட்டது. "கொழந்தைங்கள நேர்ல பாக்கணும்னு தோணுச்சு சார்" என்றேன்.

"சரி, அப்ப இந்தக் கொழந்தைய பத்திச் சொல்லுங்க" என்றார்.

கட்டிலில் இருந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. அதன் அம்மாவிடம் கேட்டதையும், என் கையிலும் காதிலும் பட்டதையும் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தவில்லை. முடித்ததும் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குப் பதில் சொன்னேன், மற்றதற்குத் தெரியாது என்றேன்.

ரிசல்ட் வந்ததை எனக்கு முன்பே என் பழைய மாணவி பார்த்துவிட்டார். ஃபோனில் "பாஸ்" என்றார். "எங்க கீறீங்க மேடம்?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில், திண்டிவனம் பஸ்ஸில் என்றேன். "இறங்காதீங்க. பழம் வாங்கிக்கினு வர்றேன்" என்றார். கண்டக்டரிடம் சொல்லி ஐந்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைத்து, ஜன்னல் வழியாக ஒரு பை ஆரஞ்சு கொடுத்து, என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். பக்கத்து சீட்டில் கோலியனூர் போய்விட்டு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு பழம் கொடுத்தேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிறேன். சேர்ந்த முதல் நாள் என்னிடம் வந்தவள் நான்கு வயதுப் பெண். தொண்டை வலி. வாயைத் திற என்றேன். இறுக மூடிக்கொண்டாள். அவள் அம்மா மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். நான் டார்ச்சைக் காட்டினேன், ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்தேன். எதுவும் நடக்கவில்லை.

கடைசியில் அவளே பேசினாள். "மொதல்ல நீ காட்டு."

டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு வாயை அகலத் திறந்தேன். நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, வெளிச்சத்தை உள்ளே அடித்து, இடமும் வலமுமாக நிதானமாகப் பார்த்தாள். சொத்தைப் பல் ஒன்றைத் தொட்டும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. ஊட்டுக்குப் போ" என்றாள்.

பிறகு டார்ச்சை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வாயைத் திறந்தாள்.